ரெட்டியபட்டி ரோட்டைக் கடந்த மீன்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தூண்டில் போட எங்கே போகலாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்த வறண்ட சீமையில் ஏது மீன் என்று நினைப்பவர்கள் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். நானும் என் கணவர் செல்வமும் கல்யாணமான புதிதில், தொண்ணூறுகளின் நடுவில், பல ஞாயிற்றுக்கிழமைகளை அந்தக் கண்மாய்க் கரைகளில்தான் கழித்தோம். தூண்டில் பைத்தியம் அவருக்கு. நான் சோறு கட்டிக்கொண்டு கூடப் போகிறவள். இங்கே எழுதப்போவது அவற்றில் ஒரு பயணம் மட்டும்.

எங்களை அழைத்தவர் ஜெயராமன் அண்ணன். அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்தார். ஒருமுறை ஊட்டிக்குப் போனபோது, அங்கே ஓடைகளில் ட்ரவுட் மீன் குஞ்சுகளை விட்டு வளர்த்து, தூண்டில்காரர்களைப் பிடிக்க விடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், நம் ஊரில் ஒரு நாள் தாங்காது. அதனால் என்ன, நம் கண்மாயில் நம்மால் முடிந்ததை விடுவோம் என்று எம்.ரெட்டியபட்டிக்கு அருகே ஒரு கண்மாயின் மீன் குத்தகையை எடுத்தார். கட்லா, ரோகு குஞ்சுகளோடு, வியாபாரி ஒருவர் சிபாரிசு செய்த வெளிநாட்டுக் கெளுத்திக் குஞ்சுகளையும் வாங்கி விட்டார். அது நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது; நடுவில் வந்த கோடையில் கண்மாய் முழுக்க வற்றவும் இல்லை. "வந்து தூண்டியப் போட்டுப் பாருங்க தம்பி, கை வலிச்சுப் போகும்" என்று போனில் சொன்னார்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கே அண்ணனும் அவர் மனைவி கோமதி மதினியும் சேர்ந்துகொள்ள, டவுன் பஸ்ஸில் ஏறி ரெட்டியபட்டிக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கினோம். இருபுறமும் பருத்தி, கம்பு, எங்கு பார்த்தாலும் வேலிக்கருவை முட்புதர். ரோட்டுக்கு மேற்கே கண்மாய், கிழக்கே ஊர்க்காரர்கள் குடிக்கத் தண்ணீர் எடுக்கும் ஊருணி. நடுவே ரோடு ஒரு தரைப்பாலமாகத் தாழ்ந்து போகிறது. கண்மாய் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கில் வழிந்தால், அந்தத் தண்ணீர் பாலத்தின் மேல் ஓடித்தான் ஊருணிக்குப் போகும்.

கரை ஏறியதும் முதலில் கண்ணில் பட்டவை வாத்துகள். இருநூறு இருக்கும். எல்லாம் கரையில் நின்றன. ஒன்றுகூடத் தண்ணீரில் இல்லை. அவற்றை மேய்ப்பவர் கம்பால் தட்டித் தட்டி ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, எறங்கலயா?" என்று செல்வம் கேட்டார்.

"தண்ணியப் பாத்தா விழுந்தடிச்சு ஓடுற கழுதைக. நேத்துலருந்து ஒன்னுகூட எறங்க மாட்டேங்குது. பதினஞ்சு வருசமா மேய்க்கிறேன், இப்படிப் பாத்ததில்ல" என்றார். மத்தியானத்துக்குள் அவர் மந்தையைத் திருப்பிக்கொண்டு திருச்சுழி பக்கம் போய்விட்டார்.

அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். நிறைந்த கண்மாய், ஆனால் ஒரு கொக்கு இல்லை. நீர்க்காகம் இல்லை. மழைக்கால மப்பு வெயிலில் தவளைச் சத்தம் காதை அடைக்க வேண்டும், அதுவும் இல்லை. நடுத்தண்ணீரில் மட்டும் அவ்வப்போது ஏதோ மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும் சத்தம். 'ப்ளக்' என்று ஒன்று. பிறகு வேறொரு இடத்தில் இன்னொன்று. தண்ணீர் சேறு நிறத்தில் இருந்ததால் எதுவும் தெரியவில்லை.

தூண்டிலைப் போட்ட உடனே இழுத்தது. செல்வம் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கரையில் போட்டது, முழங்கை நீளத்துக்கு மேல் கறுத்த ஒரு மீன். செதில் இல்லை. வாயைச் சுற்றி எட்டு மீசை. அடுத்ததும் அதே, அதற்கடுத்ததும் அதே. கட்லாவும் இல்லை, ரோகுவும் இல்லை. எந்தக் கண்மாயிலும் கிடைக்கும் கெண்டை, குறவைகூட ஒன்றும் மாட்டவில்லை. அண்ணன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

சமைக்கலாம் என்று கோமதி மதினி ஒன்றை எடுத்து வயிற்றைக் கீறினார். உடனே அரிவாள்மனையை விட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"ஏங்க, இங்க வாங்க. இது என்ன காலு?"

உள்ளே இரண்டு தவளைகள், நசுங்கிய குஞ்சு மீன்கள், அவற்றோடு விரல் விரிந்த ஒரு சின்னப் பறவைக் கால். கானாங்கோழிக் குஞ்சாக இருக்கலாம். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றையே தின்றோம். மற்ற மீன்களை உரச்சாக்கில் கட்டிக் காலையிலேயே கரை மேட்டில் போட்டிருந்தோம். மூன்று மணிக்கு அந்தச் சாக்கு தானாக நகர்ந்து சரிவில் பாதி தூரம் வந்திருந்தது.

"இதுக சாகவே சாகாதா அண்ணே?" என்று கேட்டேன்.

"காத்தக் குடிச்சுக்கிட்டே கெடக்கும்னு அந்தக் குஞ்சு யாவாரி சொன்னாரும்மா. பெருமையாத்தான் சொன்னாரு" என்றார் மெதுவாக.

நாலு மணிக்கு மழை பிடித்தது. கலுங்கில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. சாமான்களைச் சுருட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து புளியமரத்தடியில் ஒதுங்கினோம். மழை விடுவதற்குள் பொழுது மங்கிவிட்டது. தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பஸ் வந்தது. விளக்கு வெளிச்சம் பாலத்தில் விழுந்ததும் டிரைவர் சட்டென்று நிறுத்தினார்.

ரோடு முழுக்க அசைந்தது. கறுத்த முதுகுகள், பத்து இருபது அல்ல, பாலத்தின் நீளத்துக்கும். துள்ளவில்லை. பக்கவாட்டுத் துடுப்பை முழங்கைபோல ஊன்றி, உடம்பை வளைத்து வளைத்து, எல்லாம் ஒரே திசையில் தவழ்ந்தன. ஓடும் தண்ணீருக்கு அடியில் அந்த உரசல் சத்தம் தனியாகக் கேட்டது. வெளிச்சத்துக்கு ஒன்றுகூட நிற்கவில்லை.

டிரைவர் தலையை நீட்டி, "என்னங்க இது, பாம்பா?" என்றார்.

"மீனு" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுத் திரும்பி அவை போகும் பக்கத்தைப் பார்த்தார். "அய்யோ, ஊருணி!"

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணுக்கும் அதே நொடியில் விளங்கிவிட்டது. பேச்சியம்மாள் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். அந்த ஊர்தான், பருத்திக்காட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவர். "ஏலே, எல்லாரும் வாங்கடா! நம்ம குடிக்கிற தண்ணிக்குல்ல போகுது!" என்று அவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

கம்பு, கூடை, அரிவாளோடு ஊர் வந்தது. டிரைவர் விளக்கை அணைக்காமல் வண்டியை அங்கேயே நிறுத்தி வைத்தார். வேலிக்கருவையை வெட்டி, பாலத்திலிருந்து ஊருணிக்குப் போகும் வாய்க்காலில் அடைத்து, மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கினோம். அண்ணன் வாய்க்காலுக்குள் இறங்கி நின்று, தப்பி வந்தவற்றைக் கையாலேயே அள்ளி வெளியே எறிந்தார். அவற்றின் துடுப்பில் முள் உண்டு. ஒவ்வொரு தடவையும் குத்தியது. கோமதி மதினி "வாங்க மேல" என்று அழுதும் அவர் ஏறவில்லை. தண்ணீர் வடிந்த பிறகுதான் அவர் கைகளைப் பார்த்தோம். இரண்டும் வீங்கி, விரல்களை மடக்க முடியவில்லை.

பெரும்பாலானவற்றைத் தடுத்துவிட்டோம். எல்லாவற்றையும் அல்ல.

அந்த மழைக்காலம் முழுக்க, வானம் கறுத்தால் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு அந்தப் பாலத்துக்குப் போய்விடுவார். தை பிறந்த பிறகு ஊருணியில் கறுத்த முதுகுகள் தெரிய ஆரம்பித்தன. குடம் முக்க யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் ஊர் கூடிப் பேசி, ஊருணியை இறைத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். கோடை முன்னால் நிற்கும்போது, இருக்கிற தண்ணீரை வெளியேற்றுவது அந்தச் சீமையில் எப்பேர்ப்பட்ட முடிவு என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நாங்களும் போயிருந்தோம். மோட்டார் ஓட ஓட, அடிச்சேற்றில் அவை புரண்டன. இழுத்துப் போட்டுச் சுண்ணாம்பு தூவிக் குழியில் புதைத்தார்கள்.

அண்ணன் பேச்சியம்மாள் முன்னால் போய் நின்றார். "என்னைய வையணும்னா வஞ்சிரு தாயி" என்றார்.

"வஞ்சா தண்ணி ஊறுமாண்ணே? அந்தச் சுண்ணாம்புச் சாக்குல ஒரு மொனையப் பிடிங்க" என்றார் அவர்.

அந்தக் கோடையில் மழை வரும்வரை அருப்புக்கோட்டையிலிருந்து டிராக்டரில் தண்ணீர் அனுப்பியது அண்ணன்தான். கண்மாய் சித்திரையில் வற்றி வெடித்த பிறகு, மிச்ச மீன் ஏதும் பதுங்கிக் கிடக்கிறதா என்று ஊர்க்காரர்கள் சேற்றுப் பொந்துகளைத் தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள். அடுத்த குத்தகையை அவர் எடுக்கவில்லை. தூண்டிலையும் தொடவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கார்த்திகை முதல் தை வரை நல்ல சமயம். அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்திலிருந்து ரெட்டியபட்டிக்கும் திருச்சுழிக்கும் பஸ் உண்டு, கடைசி வண்டியை மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கண்மாயானாலும் குத்தகைக்காரரைக் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். இரைக்கு மண்புழு போதும். பெயர் தெரியாத மீன் மாட்டினால் பாவம் பார்த்து வேறு தண்ணீரில் விட்டுவிட்டு வராதீர்கள். குஞ்சு வாங்கி விட ஆசைப்பட்டால், வியாபாரியிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால் அது என்ன தின்னும் என்று கேளுங்கள். பிறகு, கரையில் நின்று மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் நடந்துபோய், அங்கே குடம் முக்குகிறவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.