ஞாயிறு நாலு மணிச் சத்தம்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஒழுங்கையில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிளை அலறவிடுவது பத்து வயதில் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. ஏறி ஓட அனுமதி இல்லை. ஏறினாலும் கால் நிலத்தைத் தொடாது. பக்கத்தில் நின்று சோக்கை இழுத்து, பொத்தானை அமத்தி, இஞ்சின் சூடானதும் வலது கையால் முறுக்க வேண்டும். இடது கையில் அம்மாவின் போன். போனின் மறுமுனையில், பிரான்சில், மாமா.

மாமா அம்மாவின் தம்பி. பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் அடிபட்டுக் கிடந்த இரண்டு பழைய ஜப்பான் இருநூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிள்களை வாங்கி, ஒன்றரை வருடம் மினக்கெட்டு ஒன்றாக்கினார். நாலு சிலிண்டர். ஒவ்வொன்றும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையளவுகூட இராது. ஒரு வண்டியின் இடப்பக்க உறையும் மற்றதன் வலப்பக்க உறையும்தான் உடையாமல் இருந்தன என்பதால் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். "இது ஆரையும் இடிச்சால் கோட்டில ரெண்டு சாட்சி ஒத்துவராது," என்பார் அப்பா. பதிவுப் புத்தகம் இல்லாததால் அதை ரோட்டில் ஓட முடியாது. ரேஸ் நாட்களில் மாமா சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போவார். இரண்டு தடவை விழுந்தார், ஒரு தடவை நாலாவதாக வந்தார். மூன்றையும் ஒரே சந்தோஷத்தோடுதான் வீட்டில் சொன்னார்.

சண்டை இறுகிய வருடத்தில், அவர் வயதுப் பெடியன்களுக்குக் கொழும்பு சரிவராது என்றானது. ஏஜென்சிக்காரனைப் பிடித்துப் போனார். பாரிஸில் கோப்பை கழுவினார். விசா வழக்கு இழுபட்டது. ஒரு அறையில் எட்டுப் பேர் முறைவைத்துப் படுத்தார்கள். இதையெல்லாம் அவர் புகாராகச் சொன்னதில்லை. வண்டியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார்.

"நிண்டால் நாலு காபரேட்டரும் அடைச்சுப்போகும் பிள்ளை. கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணு. நான் கேக்கிறன்."

கேட்பார். "மூண்டாவது பிந்துது," என்பார். எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்டது. அவருக்கு நாலும் தனித்தனியாகக் கேட்டது.

அடுத்த வருடம் பொலிஸும் ஆமியும் வீடு வீடாகப் பதிவு பார்க்கத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், முற்றத்தில் புத்தகம் இல்லாத வாகனம். அப்பாவுக்கு யோசிக்க அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கொட்டாஞ்சேனைக் கராஜ்காரர் ஒருவரின் லொறியில், கழற்றப்பட்ட வண்டி நாலு சாக்குகளில் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றிலிருந்து சிவப்பு உறையின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கேஸ் முடியுமட்டும் அவனுக்கு மூச்சுக் காட்டக்கூடாது," என்றார் அம்மா. "அவன் அங்க தாக்குப்பிடிக்கிறதே இதை நினைச்சுத்தான்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை?" என்று கேட்டேன்.

வழியை நான்தான் கண்டுபிடித்தேன்.

மூன்று வீடு தள்ளி ஒரு முஸ்லிம் அண்ணன் இருந்தார், நானா என்றுதான் கூப்பிடுவோம். தகப்பனுடைய துணிக்கடையில் நிற்கவேண்டிய நேரமெல்லாம் தன்னுடைய நூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். புது வண்டி, ஒற்றைச் சிலிண்டர், ரேஸுக்கென்று கண்ணாடிகளைக் கழற்றி வைத்திருந்தார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"பைக்கத் தர மாட்டன்," என்றார். "சத்தம் வேணுமெண்டா எடுத்துக்கோ தங்கச்சி. அதுக்கு சல்லி வாணாம்."

முதல் ஞாயிறு அவர் முறுக்க, நான் போனைப் பிடித்தேன். முறுக்கி முடிந்ததும் போனைக் காதுக்கு எடுத்தேன்.

"மாமா? கேக்குதோ?"

"ஓம். கேக்குது."

"எப்பிடி?"

"நல்லாத்தான் கிடக்கு." பிறகு, "வால்வு கொஞ்சம் தட்டுது. பாக்கச் சொல்லு," என்றார்.

"ஆரிட்ட?"

"ஆரெண்டாலும். தெரிஞ்ச ஆக்களிட்ட."

நானா திறந்து பார்த்தார். உண்மையிலேயே வால்வு தளர்ந்திருந்தது. அடுத்த கிழமை, செயின் இழுவை என்றார் மாமா. அதுவும் சரி. "ஒங்கட மாமா காதுக்குள்ள ஸ்கேன் மெசினா வெச்சீக்காரு?" என்று நானா சிரித்தார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டு, ஞாயிறு நாலு மணிக்கு முன்பே வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தி எனக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். அந்த வருட ரேஸில் மூன்றாவதாக வந்தார். அவர் வீட்டிலிருந்து ஒரு சட்டி இனிப்பு வட்டிலப்பம் வந்தது. எதற்கென்று அம்மாவுக்கு விளங்கவில்லை. நான் என் கெட்டித்தனத்தின் கூலியென்று இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

வழக்கு முடிய நாலு வருடம் எடுத்தது. அதற்குள் நானா வண்டியை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போயிருந்தார். அந்தச் சத்தம் வேண்டுமென்று மாமா அதன்பிறகு கேட்கவில்லை. தன் வண்டி எங்கே என்றும் இன்றுவரை கேட்டதில்லை. இன்றுவரை நாட்டுக்குத் திரும்பி வரவும் இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஒரு ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் எனக்கு இருப்புக்கொள்ளாது. மன்னாரில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் பாகம் எடுத்துக்கொடுத்த காலத்தில், ஒரு பழைய நாலு சிலிண்டர் உள்ளே வந்தது. தையல் மெஷின் மாதிரித் தொடங்கிச் சீழ்க்கையாக ஏறியது. பக்கத்தில் ஒரு ஒற்றைச் சிலிண்டர் உலக்கை மாதிரி இடித்துக்கொண்டிருந்தது. கையில் இருந்த பெட்டியை வைத்துவிட்டு நின்றேன். இரண்டையும் மாறி நினைக்க யாராலும் முடியாது. மூன்றாவது பிந்துவதைக் கடல்களுக்கு அப்பால் இருந்து சொன்ன மனிதரால் முடியவே முடியாது.

அந்தப் பழைய நாட்களில், ஒவ்வொரு ஞாயிறும் நானா இஞ்சினை நிறுத்தியதும் நான் கேட்பேன்: "முடிஞ்சுது மாமா. வைக்கட்டே?"

"வையாதை. இன்னும் கொஞ்சம் பிடி."

பிடிப்பேன். பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டபடி ஒழுங்கைக்குள் திரும்பும். ஒழுங்கை முடிவில் கடற்கரை ரெயில் தடதடவென்று போகும். "மருதானைப் பக்கம் போறதோ?" என்பார். அம்மா வாசலில் நின்று, தேத்தண்ணி ஆறுது, இன்னும் என்ன கதை என்று கத்துவார். "அக்காவோ அது?" என்பார்.

சூடான இஞ்சின் ஆறும்போது டிக், டிக் என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். மாமா அதைத்தான் கேட்கப் பார்க்கிறார், இந்த ஆரவாரம் விடுகுதில்லை என்று நினைத்தேன். ரெயிலும் பாண்காரனும் அம்மாவும் கேட்காதபடி போனைச் சுற்றிக் கையைக் குவித்து மறைத்து, இஞ்சினுக்கு இன்னும் கிட்டப் பிடித்தேன்.