சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காத வயலின்

கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம் நான் பகல் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தேன். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம்." ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னல் என்னுடையது. ஒரு கை நீளும், அதில் சீட்டு இருக்கும், மாத்திரையை வைத்து இதைச் சொல்வேன், கை போய்விடும். சாயங்காலம் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை இந்த ஒரு வரிகூடப் பேச ஆளில்லை.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருச்சியில் அம்மாவும் நானுமாக இருந்தோம். அம்மா போன அடுத்த மாதம் மாற்றல் உத்தரவு வந்தது. மலைக்குப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, வயலின் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டதில், இறங்கும்போது கை மரத்துப் போயிருந்தது.

எட்டு வயதில் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது. கச்சேரி எதுவும் செய்ததில்லை, செய்யும் அளவுக்கு வாசிப்பவளும் இல்லை. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு உட்கார்ந்து முதலில் ஸ்வர வரிசைகள், பிறகு ஒரு வர்ணம், மனசு இருந்தால் ஒரு கீர்த்தனை. அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் அந்த ஒரு மணி நேரம்தான் ஏதோ நடக்கிற மாதிரி இருக்கும்.

வீடு என்பது பாதி வீடு. மறுபாதியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். வீட்டுக்குப் பின்னால் சரிவில் மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தார். ஒரே மகளைக் கீழே ராசிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு பாதிக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அதுவும் ஓடு வரை போகாமல் இரண்டு முழம் கீழேயே நின்றுவிடும். அவர்கள் வீட்டில் கரண்டி விழுந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

முதல் சில மாதங்கள் வயலினைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மட்டும் ஒரு தடவை, "நம்மூட்டுல ரேடியோ வெச்சாப்புல இருக்குதுங்க மேடம்" என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மாசியில் மிளகு பறிக்கும்போது அவர் விழுந்தார். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஏணி நழுவி, தலை பாறையில் அடித்தது. ஆம்புலன்ஸில் சேலத்துக்குக் கொண்டு போனார்கள். ஒரு மாதம் கழித்துத் தலையில் தையலோடு திரும்பி வந்தார். பேச்சு தெளிவாக இருந்தது, நடந்தார். ஆனால் சத்தம் மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் வந்த மூன்றாம் நாள் வீட்டுக்கார அக்கா என் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"ஏனுங்க மேடம், ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

"சொல்லுங்கக்கா."

"அவருக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் மண்டைக்குள்ள ஆணி எறக்குனாப்புல இருக்குதுங்களாம். சேவலத் தங்கச்சி ஊட்டுக்குக் குடுத்துட்டேன். குக்கர் வெக்கறதில்லீங்க, சட்டியிலதான் சோறு." முந்தானை நுனியைத் திருகினார். சேவலுக்கும் குக்கருக்கும் அடுத்தது நான் என்று புரிந்தது.

"இனிமே வாசிக்கமாட்டேன் அக்கா" என்றேன்.

நான்கு நாள் வாசிக்கவில்லை. ஐந்தரைக்குத் துணி துவைத்தேன், அரிசி புடைத்தேன், ஜன்னலோரம் நின்று எதிர்ச்சரிவில் பனி இறங்குவதைப் பார்த்தேன். ஐந்தாம் நாள், சொன்னதையே நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, கொடியில் கிடந்த துணிக் கிளிப்பைப் பார்த்தபோது திருச்சியில் என்னோடு கற்றுக்கொண்ட ஒரு பெண் செய்தது நினைவுக்கு வந்தது. வயலினில் தந்திகளைத் தூக்கி நிறுத்தும் சின்ன மரத்துண்டைக் குதிரை என்போம். வில் பட்டதும் தந்தி அதிரும், குதிரை அந்த அதிர்வை உடம்புக்குக் கடத்தும், உடம்பு அதைப் பெரிதாக்கும். குதிரையை எதையாவது கொண்டு கவ்விப் பிடித்தால் சத்தம் பாதி வழியிலேயே நின்றுவிடும். அவள் பரீட்சைக் காலத்தில் கிளிப் மாட்டித்தான் வாசிப்பாள்.

நானும் மாட்டினேன். கிளிப்பின் இரும்புக் கம்பி வயலினோடு சேர்ந்து கிறீச்சிட்டது. ஆனால் சத்தம் குறைந்திருந்தது. எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான் சொல்ல முடியும். போய் அக்காவிடம் கேட்டேன். அவர் கணவரைப் பின்பக்கம் வெயிலில் உட்கார வைத்துவிட்டு, சுவரோரக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். நான் நாலு வரி வாசித்தேன். உடனே வந்துவிட்டார்.

"கேக்குதுங்க. காதுக்குள்ள வண்டு பூந்தாப்புல."

இருவரும் சிரித்தோம். அவர் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

வழக்கமாகத் தந்தி வாங்கும் திருச்சிக் கடைக்குப் போன் செய்து, குதிரையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்க ஏதாவது உண்டா என்று கேட்டேன். கடைக்காரர், "மியூட்டுல மூணு இருக்கு மேடம். சின்ன ரப்பர், அது சத்தத்தைக் கொஞ்சம் மிருதுவாக்கும், அவ்வளவுதான். பட்டை ரப்பர், நல்லாவே குறைக்கும். இரும்பு போட்டீங்கன்னா பக்கத்து ரூமுக்கே தெரியாது. எது வேணும்?" என்றார். மூன்றையும் அனுப்பச் சொன்னேன். பார்சல் மலைக்கு மேல் வராது என்றார்கள். அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் சுகாதார நிலையத்து டிரைவருக்குத் தெரிந்த ஒரு பாய் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் முகவரிக்கு வரவழைத்து, சந்தை நாளன்று இறங்கிப் போய் வாங்கினேன். பாய் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "என்னங்கம்மா, இத்தினியூண்டுக்கு இந்தக் கனம்? படிக்கல்லுங்களா?" என்றார். இரும்பு மியூட்தான் அந்தக் கனம்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்றையும் அன்றே போட்டுப் பார்த்திருக்கலாம். அரைமணி நேர வேலை. நான் அப்படிச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை சின்ன ரப்பரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன். மற்ற இரண்டையும் அலமாரியில் புடவைக்குப் பின்னால் வைத்தேன்.

அக்கா அந்தப் பக்கம் போய்க் கேட்டுவிட்டு வந்து, "வண்டு போயிருச்சுங்க. ஆனாக் கேக்குது. தள்ளி ஒரு ஊட்டுல வாசிச்சாப்புல" என்றார். டீ போட்டேன். குடித்துக்கொண்டே மகளுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்குவதைப் பற்றிச் சொன்னார். இந்த வருஷ மிளகைப் பாதிக்குமேல் பறிக்காமல் மரத்திலேயே விட்டதைச் சொன்னார். எழுந்து போகும்போது, "வேற ஏதாச்சும் வருதுங்களா?" என்றார்.

"அடுத்த வாரம் இன்னொண்ணு வரும்" என்றேன்.

அடுத்த ஞாயிறு பட்டை ரப்பர். குதிரையின் முழு அகலத்தையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தது. அக்கா அந்தப் பக்கம் வெகுநேரம் இருந்தார். "காத வெச்சுக் கேட்டாத்தானுங்க கேக்குது. சும்மா இருந்தாத் தெரியல" என்றார். அன்று டீயோடு பலாச்சுளையும் இருந்தது, அவர் கொண்டு வந்தது. அன்றைக்குத்தான் மேடம் போய் அம்மிணி ஆனேன். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டார். கொல்லிமலையில் அதை யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. அப்பா இல்லை, தம்பி படிப்பு, பிறகு அம்மாவின் சர்க்கரை நோய், அப்படியே வருஷம் போய்விட்டது என்று சொன்னேன். "ஆமாங்க, அப்பிடித்தான் போகும்" என்றார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பட்டை ரப்பரே போதும் என்று அன்று முடித்திருக்கலாம். "இன்னும் நல்லது ஒண்ணு இருக்கு, அடுத்த வாரம்" என்றேன்.

மூன்றாம் ஞாயிறு இரும்பைப் போட்டேன். அக்கா போனார், வந்தார். "எப்ப வாசிக்கப் போறீங்கன்னு உக்காந்திருந்தேன். வாசிச்சு முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சாச்சு அக்கா."

"அப்ப இதுதான் அம்மிணி" என்றார். அன்று அவர் டீக்கு நிற்கவில்லை. கணவருக்கு மருந்து கொடுக்கும் நேரம்.

அதன்பிறகு அவர் வருவதற்கு வேலை எதுவும் இருக்கவில்லை. நான் தினமும் ஐந்தரைக்கு இரும்பு மியூட்டோடு வாசித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். தந்தியின் மேல் வில் உரசுவது கேட்கும், அதற்கு அடியில் மெல்லியதாக ஒரு ஸ்வரம். வேறு ஊரில் யாரோ வாசிப்பது போனில் வருகிற மாதிரி. கமகம் எங்கே போய் முடிகிறது என்று என் காதுக்கே பிடிபடவில்லை. கேட்கவில்லையே என்று வில்லை அழுத்தினேன், அழுத்த அழுத்தக் கை இறுகியது. சில நாட்கள் வர்ணத்தின் நடுவில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். நிறுத்தியது யாருக்கும் தெரியாது. வாசித்ததும் தெரியாது.

அக்காவைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தால், "சத்தமே இல்லீங்க, புண்ணியமாப் போச்சு" என்பார். நான் தலையாட்டுவேன். வீட்டுக்கு வாருங்கள் என்று நேராகக் கூப்பிட எனக்கு வரவில்லை. காரணம் இல்லாமல் ஒருவரைக் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

மூன்று வாரம் கழித்துக் குதிரை முன்பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கவனித்தேன். மேல்நாட்டார் வயலினைத் தோளில் வைத்து மட்டமாகப் பிடிப்பார்கள். நாம் தரையில் உட்கார்ந்து அதன் தலையைக் காலில் ஊன்றிச் சரிவாக வைக்கிறோம். அவ்வளவு கனமான இரும்பு சரிவில் உட்கார்ந்தால் குதிரையையும் இழுத்துக்கொண்டு போகும். இதைக் கடைக்காரரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. குதிரை விழுந்தால் வயலினுக்குள்ளே நிற்கும் குச்சியும் சாயலாம். அதை நிறுத்தித் தர மலையில் ஆள் கிடையாது. இரண்டு கட்டைவிரலாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்த்தினேன். பிறகு பட்டை ரப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனேன்.

வீட்டுக்காரர் வாசலில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரும்பு ஆகவில்லை, இதைப் போட்டால் கொஞ்சம் கேட்கும், பரவாயில்லையா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"நீங்க அத்தன மெதுவாப் பேச வேண்டாமுங்க" என்றார். "இப்ப ஆணி இல்ல. மந்தமாத்தான் இருக்குது. வாசிங்க, வலிச்சாச் சொல்லியுட்டறேன்."

ஒரு நாள்தான் சொல்லியனுப்பினார். அன்று மழைக்கு முந்திய புழுக்கம். மற்ற நாட்களில் பட்டை ரப்பர் போதுமானதாக இருந்தது. எனக்கும் அதில் ஸ்வரம் கேட்டது. கை தளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மறுபடி வர ஆரம்பித்தார், சோதிக்க ஒன்றும் இல்லாமலே.

ஆனால் அது ஒன்றரை மாதம்தான். மகளுக்குப் பிள்ளை பிறந்தது. சேலத்து டாக்டர் மாதம் இரண்டு தடவை வரச் சொல்லியிருந்தார். ராசிபுரத்திலேயே போய் இருந்துவிட்டால் அலைச்சல் இல்லை என்று மருமகன் சொன்னார். கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்தார். அப்போது சொல்லிவிட்டேன்: மூன்று மியூட்டும் ஒரே பொட்டலத்தில்தான் வந்தது, வாரத்துக்கு ஒன்றாக வெளியே எடுத்தேன்.

"தெரியுமுங்க" என்றார். "ரெண்டாவது வாரம் டம்ளர் எடுக்க அலமாரியத் தொறந்தேன், பொடவைக்குப் பின்னால மினுமினுன்னு இருந்துச்சு."

"ஏன்க்கா கேக்கல?"

"எதுக்குக் கேக்கறது? மாசக்கணக்கா அவரு மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஞாயித்துக்கெழம அந்த ஒரு மணி நேரந்தான் நான் வெளிய வந்தது." பிறகு என் முகவாயைத் தொட்டு, "வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மியூட்டைக் கழற்றிவிட்டு வாசித்தேன். சத்தம் ஓடு வரை போய் முட்டியது. என் வில் எவ்வளவு முரடாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. அழுத்திப் பழகிய கை மறப்பதற்கு ஒரு மாதம் ஆனது. அக்கா எப்போதாவது போன் செய்வார். வீட்டுக்காரர் இப்போது தனியாக டீக்கடை வரை நடந்து போகிறாராம். பேத்தி அழுதால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறாராம்.

வாரம் ஒரு தடவை அந்தப் பாதியைத் திறந்து பெருக்குகிறேன். கட்டில் சுவரோரம் அப்படியே கிடக்கிறது. ஒரு நாள் அதில் உட்கார்ந்திருந்தபோது, இங்கிருந்து என் வயலின் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாதே என்று நினைத்தேன். இங்கே நான் உட்கார்ந்தால் அங்கே வாசிக்க ஆளில்லை. போனில் பதிவைப் போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டு, என் பாதிக்குப் போய் ஒரு வர்ணம் வாசித்தேன். திரும்பி வந்து கேட்டேன். முதலில் மழை, ஓட்டில் நீர் வழிவது, நான் கதவைச் சாத்துவது. பிறகு வயலின், தெளிவாக, நினைத்ததைவிடப் பெரிதாக. வேகமான இரண்டாம் காலத்தில் நிஷாத ஸ்வரம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. மறுநாள் அந்த இடத்தை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.