காரணம் கேட்காத பதிவேடு

எங்கள் பள்ளியில் காலை எட்டரைக்கு மணி அடிக்கும். எட்டு முப்பத்தொன்றுக்குக் கேட்டைச் சாத்துவார்கள். அந்த ஒரு நிமிஷம் எதற்கு என்று பத்தொன்பது வருஷமாகச் சண்டை போட்டவர் கடிகார டீச்சர். அது பிள்ளைகள் வைத்த பெயர். பாடம் சமூக அறிவியல், தொழில் கேட்டில் நிற்பது என்று நான் கிண்டல் செய்வேன். நான் அதே பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். அதனால் மற்றவர்கள் பேசப் பயப்படும் இடத்தில் எனக்கு மட்டும் கொஞ்சம் வாய் உண்டு.

தாமதப் பதிவேடு அவர் உருவாக்கியது. தேதி, பெயர், வகுப்பு, எத்தனை நிமிஷம், பிள்ளையின் கையெழுத்து என்று ஐந்து கட்டம். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை முப்பது முறை தாமதமானால் பள்ளி அதைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பாது. அடுத்த வருஷம் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குக் கடிதம் போகும். கடிதத்தில் கையெழுத்து டீச்சருடையது, தட்டச்சு என்னுடையது.

ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் கூட்டத்தில் ஒரு கதை சொல்வார். அவர் பள்ளியில் படித்தபோது மாணவர் தலைவி. கேட்டில் நின்று தாமதமாக வருகிறவர்களின் பெயரை எழுதுவது அவர் வேலை. ஒருநாள் அந்த வரிசையில் சொந்தத் தங்கையே வந்து நின்றாள். "தங்கச்சியாச்சேன்னு பாக்கல. பேரை எழுதினேன்" என்று நிறுத்துவார். பிள்ளைகள் கை தட்டுவார்கள். நானும் பத்தொன்பது தடவை தட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்கே என் கையைப் பிடிக்கவில்லை.

இந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வாரம் ஒரு வகுப்பு வாழ்க்கைக் கல்விக்கு ஒதுக்க வேண்டுமாம். முதல் பாடம், நமக்குச் சும்மா கிடைத்த வசதிகளை நாமே உணர்வது. பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, வீட்டில் புத்தகம் இருப்பவர்கள் ஓரடி முன்னே வா, தனி அறை இருப்பவர்கள் இன்னோரடி முன்னே வா என்று சொல்ல வேண்டும் என்று செய்முறையும் கூடவே வந்திருந்தது. டீச்சர் படித்துவிட்டு என் மேஜையில் விட்டெறிந்தார்.

"கடைசில நிக்கிற பிள்ளையை எல்லாரும் திரும்பிப் பாக்கறதுக்கா சார் பாடம்? அந்தப் பிள்ளைக்கு இது தெரியாதா?"

அவரே வேறொன்று யோசித்தார். ஒரு தாள், நடுவில் ஒரு கோடு. காலையில் கண் விழித்ததிலிருந்து பள்ளி மணி அடிக்கும்வரை நானே செய்தவை இடது பக்கம். எனக்காக மற்றவர்கள் செய்தவை வலது பக்கம். பெயர் எழுத வேண்டாம். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம். நல்ல யோசனைதான். ஆனால் முன்மாதிரியாகத் தன் காலையையே கரும்பலகையில் எழுதிக் காட்டலாம் என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பத்தாம் வகுப்பு. வேறொரு சுற்றறிக்கையில் கையெழுத்து வாங்கப் போனவன், கதவோரமே நின்றுவிட்டேன். இடது பக்கத்தில் எழுந்தேன், குளித்தேன், உடுத்தினேன், சாப்பிட்டேன், நடந்தேன் என்று ஐந்து வரி. வலது பக்கத்துக்கு வந்ததும் சாக்பீஸ் நிற்கவே இல்லை. எழுப்பியது தங்கச்சி, வெந்நீர் வைத்தது தங்கச்சி, புடவையை இஸ்திரி போட்டது தங்கச்சி, சமைத்தது, டப்பா கட்டியது, குடையை எடுத்துக் கையில் கொடுத்தது எல்லாம் தங்கச்சி. பலகையில் இடம் தீர்ந்துபோனது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். டீச்சரும் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"டீச்சர், நீங்க பேர் எழுதினீங்களே, அன்னைக்கு அவங்க ஏன் டீச்சர் லேட்டா வந்தாங்க?"

டீச்சர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். "தெரியாது" என்றார் கடைசியில். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும்போதே வந்து உட்கார்ந்தார். முகம் வீங்கியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தங்கையிடம் கேட்டிருக்கிறார். தங்கை துணி மடித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறாள். அம்மா படுத்த படுக்கையாக இருந்த வருஷம் அது. காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி, தண்ணீர் பிடித்து வைத்து, அக்காவின் சீருடையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, அக்காவை வழியனுப்பிய பிறகுதான் தங்கை குளிக்கவே போவாள். மாணவர் தலைவி சீக்கிரம் போக வேண்டும் இல்லையா? அன்று தொடங்கி ஐந்து முறை பெயர் பதிவானதும் பள்ளியில் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார்கள். இவளுக்குப் படிப்பு ஏறாது என்று அப்பா நிறுத்திவிட்டார்.

"ஏண்டி அன்னைக்கே சொல்லலன்னு கேட்டேன் சார்" என்றார் டீச்சர். "'நீ பேரைத்தானேக்கா கேட்டே?'ன்னு சொல்றா. கோபமே இல்லாம சொல்றா. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

விடுங்க டீச்சர், சின்ன வயசு என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"அப்ப சின்ன வயசு. இந்தப் பத்தொன்பது வருஷம்?" என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். பிள்ளைகள் எழுதிய தாள்களில் ஒன்று. பெயர் இல்லை. இடது பக்கம் கோடு தாண்டி வழிந்தது. நாலரைக்கு எழுந்தேன் என்று தொடங்கி, தம்பிக்குப் பால் கரைத்தது, சோறு வடித்தது, துணி துவைத்தது என்று போய், அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து எட்டு இருபதுக்கு வருவார், தம்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடி வருகிறேன் என்று முடிந்தது. வலது பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

கையெழுத்தை எனக்கே அடையாளம் தெரிந்தது. பதிவேட்டின் ஐந்தாம் கட்டத்தில் முப்பது தடவை பார்த்த கையெழுத்து. தினமும் மூச்சிரைக்க வருவதால் ஓட்டக்காரி என்று பிள்ளைகள் கூப்பிடும் பெண். அந்தத் திங்கட்கிழமையோடு முப்பது முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளி நிர்வாகக் குழு கூடி அவளை நிறுத்தும் கடிதத்தை உறுதி செய்ய வேண்டும். அவள் பெயர் போட்ட கடிதம் என் மேஜை டிராயரில் தயாராக இருந்தது.

"இந்தத் தாளைக் குழுவுல படிச்சா போதும். கல்லு மனசுக்காரங்ககூட விட்டுடுவாங்க" என்றேன்.

டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ஓட்டக்காரியை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். தாளைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பேர் எழுத வேணாம்னு சொன்னீங்கல்ல டீச்சர்? அதனாலதான் எழுதினேன்."

"நல்லதுக்குத்தாம்மா. இதைப் படிச்சாத்தான் உன்னைப் பரீட்சை எழுத விடுவாங்க."

"படிக்காதீங்க."

"படிக்கலன்னா நிறுத்திடுவாங்கம்மா."

"நிறுத்தட்டும்." குரல் நடுங்கவில்லை. "எங்கம்மா மாசாமாசம் கூட்டத்துக்கு இங்க வராங்க. எல்லாரும் அவங்களைப் பாவமாப் பாப்பாங்க. அவங்க ஒண்ணும் பாவம் இல்ல. நீங்க பலகைல எழுதினீங்களே, அதைப் படிங்க. எங்களுது எதுக்கு?"

சின்னப் பெண் என்று பார்க்காமல் ஒரு அறை விட்டால் என்ன என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. காப்பாற்ற வந்தவரையே எதிர்த்துப் பேசுகிறாளே! டீச்சர் தாளை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தார். "இது உன்னுது. கிளாசுக்குப் போ" என்றார். கையில் இருந்த ஒரே ஆதாரமும் அப்படிப் போயிற்று. மணி ஒன்றரை.

அந்த ஒன்றரை மணி நேரமும் எனக்கு வேலை ஓடவில்லை. டீச்சர் என்னிடம் பழைய கடிதங்களின் நகல் கோப்பைக் கேட்டு வாங்கி ஓரமாக உட்கார்ந்து புரட்டினார். தேநீர் ஆறி ஏடு கட்டியது.

மூன்று மணிக்குக் கூட்டம். தாளாளர், தலைமையாசிரியர், பெற்றோர் சார்பில் ஒருவர், கடிகார டீச்சர். குறிப்பு எடுக்க நான். பெற்றோர் பிரதிநிதி முதல் மதிப்பெண் வாங்கும் பையனின் அப்பா, பல் மருத்துவர். அவர் வேறொரு கோபத்தோடு வந்திருந்தார்.

"முதல்ல அந்தப் புதுப் பாடத்தைப் பத்திப் பேசணும். என் பையன் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. நான் எதுவுமே செய்யலப்பா, எல்லாம் அம்மாதான் செய்யறாங்கன்னு அழறான். ராத்திரி பகலா படிக்கிற பிள்ளை. அவன் உழைக்கலங்கறீங்களா?"

"உழைக்கிறான் சார். அவன் உழைக்கறதுக்கு நேரம் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுகிட்டான். அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

"தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?"

"தட்டைக் கழுவி வெச்சானா இல்லையா?"

மருத்துவர் மேஜையைப் பார்த்தார். கழுவியிருக்கிறான் என்று புரிந்தது. தாளாளர் தொண்டையைக் கனைத்து, ஓட்டக்காரியின் கடிதத்தை டீச்சர் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடுங்கம்மா. அடுத்த வேலையைப் பாப்போம்."

"போட மாட்டேன் சார்."

தாளாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "என்ன காரணம்? அந்தப் பொண்ணுக்கு ஏதாவது பிரச்சினையா?"

"காரணம் எனக்குத் தெரியும். சொல்ல எனக்கு அனுமதி இல்ல. என் காரணத்தைச் சொல்றேன்." எழுந்து நின்றார். செவ்வாய்க்கிழமை பலகையில் எழுதியதை வரிவிடாமல் சொன்னார். பிறகு தங்கையின் கதையை, இந்தத் தடவை முழுசாக. "இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருநாள்கூட லேட்டா வந்ததில்ல. அது என் ஒழுக்கம்னு நெனச்சேன். அது என் தங்கச்சி சார். பதிவேட்டுல அஞ்சு கட்டம் போட்டேன். காரணம்னு ஒரு கட்டம் போடத் தோணல. இதை வெச்சு யாரையும் நிறுத்தாதீங்க."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றார் மருத்துவர். முன்பிருந்த சூடு இல்லை.

"விதி ஒண்ணுதான் சார். காலையில எல்லாரும் எழுந்திருக்கற வீடு ஒண்ணு இல்ல."

தாளாளர் கெட்டவர் இல்லை, ஆனால் கணக்கானவர். மெதுவாகக் கேட்டார். "சரி, இவளை விட்டுடறோம்னே வைங்க. இதுக்கு முன்னாடி நிறுத்தினோமே, அவங்களுக்கு என்ன பதில் சொல்றது? எத்தனை பேர்?"

"பதினோரு பேர்." கோப்பைத் திறக்காமலே வருஷம் வருஷமாகப் பெயர்களைச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் அன்று என் விரல்கள் கடிதம் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது.

"யாரையாவது ஏன்னு கேட்டீங்களா?"

"இல்ல சார்."

"அவங்கள்ல எத்தனை பேர் அப்புறம் தனியா எழுதினாங்க?"

"தெரியல சார்." அங்கேதான் உடைந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் குறிப்பேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பத்தொன்பது வருஷத்தில் நானும் ஒருவரைக்கூட விசாரித்ததில்லை. கமா தவறாக விழுந்தால் மட்டும் திருத்தியிருக்கிறேன்.

தாளாளர் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். ஓட்டக்காரி தேர்வு எழுதலாம். முப்பது முறை விதி நிறுத்திவைக்கப்பட்டது. பதிவேடு இனிக் கடிகார டீச்சரிடம் இருக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதும் குறிப்பில் ஏறியது. டீச்சர் ஆட்சேபிக்கவில்லை. வெளியே வந்து வகுப்பு வாசலில் நின்று, "எழுதலாம். யார்கிட்டயும் எதுவும் சொல்லல" என்றார். ஓட்டக்காரி தலையை மட்டும் ஆட்டினாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கூசியிருக்கும்.

பதினோரு முகவரிகளையும் கோப்பிலிருந்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டார் டீச்சர். எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை, முதலாவதாக நிறுத்தப்பட்டவளின் வீட்டைத் தேடிப் போனோம். மூன்று தெரு விசாரித்து ஒரு தையல் கடைக்கு வந்து சேர்ந்தோம். மெஷினில் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். முப்பதைத் தாண்டிய வயது, காதோரம் நரை. டீச்சரைப் பார்த்த மாத்திரத்தில் காலால் மெஷினை நிறுத்திவிட்டு விறைப்பாக எழுந்து நின்றாள். நாங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை.

"டீச்சர், அப்போ எங்கப்பா ஆஸ்பத்திரில இருந்தாரு. சாப்பாடு குடுத்துட்டுத்தான் வர முடிஞ்சுது. வேணும்னே லேட்டா வரல டீச்சர்."