சுல்தான் பிடித்த நோன்பு

நூருல் இனாயாவுக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும். பள்ளிக்கூடத்தில் அம்மைப்பால் குத்த வந்த அன்று வேலி தாண்டி ஓடியவள். பதுளை கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த லத்தீபைக் கட்டி எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. பிள்ளை இல்லாத வீடு. அவளும், லத்தீபும், அவருடைய விதவை அக்கா ஸுலைஹாவும், சுல்தான் என்ற செவலைப் பூனையும்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷ நோன்பு மாதத்தில் சுல்தான் சாப்பாட்டை விட்டது. மீன் தலையை வைத்தாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

"எங்கட சுல்தானும் நோன்பு பிடிக்கிறாரு" என்றார் லத்தீப். தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். எங்களைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். நான்கு நாள் அப்படியே போய்விட்டது.

ஐந்தாம் நாள், நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்துச்சாலையில் வேலை பார்த்த சிவஞானம் கடைக்குத் துணி வாங்க வந்தார். துரை வீட்டு நாய்க்கு வைத்தியம் செய்த மிருக டாக்டருக்கு உதவியாக நின்று பழகியவர். லத்தீப் அவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்தார். சிவஞானம் பூனையின் பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். தோல் இறங்கவில்லை. கூடாரம் மாதிரி அப்படியே நின்றது.

"நோன்பெல்லாம் இல்லைங்க. ஒடம்புல தண்ணியே இல்ல. இன்னும் ரெண்டு நாளு விட்டா செத்துப் போயிரும்."

நூருல் இனாயா வாயைப் பொத்திக்கொண்டாள். சிவஞானமே சேலைன் போத்தலும் குழாயும் ஊசியும் வாங்கி வந்தார். போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து இளஞ்சூடாக்கி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, தோலுக்கு அடியில் ஊசியைச் செருகினார். பூனையின் முதுகில் முட்டை அளவுக்கு வீங்கியது.

"அல்லாவே, கொல்லப் போறீங்களா!" என்று அலறினாள் நூருல் இனாயா.

"பயப்படாதீங்கம்மா, கரைஞ்சி ஒடம்புல சேந்துரும். நாளையில இருந்து நீங்கதான் போடணும். எனக்குத் தோட்டத்துல வேல இருக்கு."

மறுநாள் பிஸ்மி சொல்லி அவளே ஊசியைக் குத்தினாள். மயங்கி விழவில்லை. எனக்கு நம்பவே முடியவில்லை. மூன்றாம் நாள் தட்டில் ஊற்றிய மீன் ஆணத்தைச் சுல்தான் நக்கியதும் தேம்பித் தேம்பி அழுதாள்.

அன்று பூனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ஸுலைஹா. அந்த மாதம் முழுக்க நாங்கள் அவளைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தோம். நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், அவ்வளவுதான். ஸுலைஹாவைப் போல நோன்பு பிடிக்க யாரால் முடியும் என்று மற்றப் பெண்களிடம் சொல்லித் திரிந்தவளே நான்தான்.

ஊசியை உருவி எடுத்த நூருல் இனாயா, பூனைமேல் இருந்த மதினியின் கையையே பார்த்தாள். பிறகு அந்தப் புறங்கைத் தோலை மெல்லக் கிள்ளித் தூக்கி விட்டாள்.

தோல் இறங்கவில்லை.



"எத்தின நாளா மதினி?" என்று கேட்டாள்.

ஸுலைஹா தலையைக் குனிந்துகொண்டாள். "பன்னிரண்டு நாளா. எதத் திண்டாலும் சத்தியா வெளிய வருது. எல்லாரும் பெருமையாச் சொன்னீங்களே, அதுதான் சொல்லல்ல."

லத்தீப் கார் பிடிக்க ஓடினார். பூனையை நான்கு நாள்தான் விட்டிருந்தோம்.