வாசலில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் சைனிக்புரி வீட்டு மாடியில் கொஞ்ச காலம் ஓர் ஆப்கானியக் குடும்பம் குடியிருந்தது. ஒருவன், அவன் மனைவி, அவன் தங்கை. வெளிநாட்டிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் மொழிபெயர்த்துச் சொல்வது அவன் வேலை. தங்கை இங்கே எம்.ஏ. படித்தாள். மனைவி அடி வாங்கினாள். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கீழே எங்களுக்கு எல்லாம் கேட்கும். முதலில் நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு சத்தமே இருக்காது. அடி விழுகிறது என்று தெரிந்துவிடும். நான் மாடிப்படியில் கால் வைத்தால் போதும், என் கணவர் குறுக்கே வந்துவிடுவார்.

"நமக்கு எதுக்குட்டி ஊர் வம்பு? அடுத்தவன் குடும்பத்துல நாம போய் என்ன சொல்ல?"

பாலாநகர் பாக்டரியில் மேலதிகாரிகளோடு மல்லுக்கு நிற்கிற மனுஷன். வெளியில் புலி, வீட்டு மாடிக்கு மட்டும் எலி. ஒரு முறை அவரை மீறி மேலே போனேன். கதவைத் திறந்தவன், "சொல்லுங்கள் காலா" என்று அவ்வளவு மரியாதையாகச் சிரித்தான். காலா என்றால் சித்தி. அன்றைக்கு நான் அப்படியே படி இறங்கி வந்துவிட்டேன். அன்று இரவு அவளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது.

அண்ணியும் நாத்தனாரும் துணி காயப்போட மொட்டைமாடிக்கு வருவார்கள். எங்களுக்குள் பேச்சு இந்தியில். நாத்தனார் என்றாலே நாம் ஒரு தினுசாகத்தான் பார்ப்போம். ஆனால் இவர்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம், எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறதே, அது போலத்தான். அண்ணிக்காரியை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பதிலுக்கு அவன் தங்கையை இவள் அண்ணனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். போனில் அந்த அண்ணன் படத்தை எனக்குக் காட்டும்போது தங்கைக்காரியின் காது மடல் சிவந்துவிடும். நான் கிண்டல் செய்தால் ஈரத்துணியால் என்னை அடிப்பாள்.

"என் அண்ணனுக்கு இவளைக் கேளுங்கள் என்று வீட்டில் சொன்னவள் நான்தான் காலா. தோழி என்னோடே இருப்பாள் என்று ஆசைப்பட்டேன்" என்று ஒரு நாள் அண்ணியைக் காட்டித் தங்கைக்காரி சொன்னாள்.

அண்ணிக்கு முதல் கரு அவன் உதைத்ததில் கலைந்தது. மறுபடி உண்டானபோது தங்கைக்காரி என் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"இந்தப் பிள்ளை இந்த வீட்டில் இருந்தால் பிழைக்காது. டெல்லியில் அவளுடைய மாமா இருக்கிறார். ரயிலில் ஏற்றிவிட்டால் போதும்."

"நீயும் கூடப் போயேன்."

"வீடு காலியாக இருந்தால் நேரே ஸ்டேஷனுக்கு ஓடுவான். நான் டீ போட்டுக்கொண்டு இருந்தால் கொஞ்சம் உட்காருவான்."

டிக்கெட்டை நான் எடுத்துக் கொடுத்தேன். என் கணவரிடம் மூச்சு விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம். கேட்டுக்கு வெளியே ஆட்டோ நின்றது. அண்ணி ஒரே ஒரு பையோடு ஏறினாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளக்கூட இல்லை. யாராவது பார்த்தால் வழியனுப்புவது போலத் தெரியும். இவ்வளவு யோசித்த தங்கைக்காரி, ஆட்டோ நகர்ந்ததும் மாடிப்படி ஓரம் வைத்திருந்த செம்பை எடுத்து, அத்தனை தண்ணீரையும் அதன் பின்னால் ரோட்டில் வீசி ஊற்றினாள்.

எனக்குப் பகீரென்றது. நம் ஊரில் பிணம் எடுத்த வீட்டில்தான் ஆள் போன கையோடு வாசலில் தண்ணீர் விடுவார்கள். "என்ன காரியம் பண்ணினாய்?" என்று கத்திவிட்டேன்.

"பயணம் போகிறவர்கள் பின்னால் ஊற்றுவோம் காலா. நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும், மறுபடி பார்க்கக் கிடைக்க வேண்டும் என்று. எங்கள் அம்மா ஊற்றுவாள், எல்லாரும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். முகம் வெளுத்தது. எல்லாரும் ஊற்றுவார்கள் என்றால், அவனும் அதைப் பார்த்தே வளர்ந்தவன்தானே.

ராத்திரிதான் வருவான் என்பது கணக்கு. ஆனால் தெருமுனையில் அவன் பைக் சத்தம் கேட்டது. அவளை மேலே போகச் சொல்லித் தள்ளினேன். காய்ந்த ரோட்டில் அந்த ஈரம் நாக்கை நீட்டியதுபோல ஆட்டோ போன திசையிலேயே கிடந்தது. ஓடிப்போய் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெளித்தேன். கோலப்பொடி டப்பாவைத் திறந்து குனிந்தேன். புள்ளி வைக்க நேரமில்லை. கோடு கோடாக இழுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அசிங்கமான கோலம் போட்டதில்லை.

பைக் என் கோலத்தின் விளிம்பில் நின்றது.

"யார் பயணம் போனது காலா?"

"பயணமா? கோலம் போடுகிறேனப்பா."

"காலையில்தானே போடுவீர்கள்?"

"இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலமும் உண்டு."

அவன் கண் காம்பவுண்டுச் சுவருக்குப் போனது. அங்கே அவள் விட்டுப்போன அந்தச் செம்பு இருந்தது. "அது எங்கள் வீட்டுச் செம்பு."

"உன் தங்கையிடம் வாங்கினேன். தெளிக்கக் கைக்கு அடக்கமாக இருக்கிறது. திருப்பித் தர மாட்டேன் என்று பயமா?"

எங்கிருந்து எனக்கு அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. அவன் சிரித்தான். என் கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போனான். இன்றைக்கும் அது எனக்கு ஆறாது: கோலத்தை மிதிக்கக்கூடாது என்று தெரிந்தவன் அவன்.

கீழே நின்று காது கொடுத்தேன். அண்ணிக்குத் தலைவலி, உள்ளே தூங்குகிறாள் என்று தங்கை சொல்லப்போகிறாள். அது எங்கள் ஏற்பாடு. கப், சாஸர் சத்தம் கேட்டது. பேச்சு கேட்டது. ஆட்டோ இப்போது லாலாகுடா தாண்டியிருக்குமா, ஸ்டேஷன் போயிருக்குமா என்று மனசு அதன் பின்னாலேயே ஓடியது. பிறகு நாற்காலி இழுபடும் சத்தம்.

இந்த முறை யாரையும் கேட்கவில்லை. ஏறிப்போய்க் கதவை இரண்டு கையாலும் தட்டினேன். தங்கைக்காரிதான் திறந்தாள். உதடு கிழிந்திருந்தது. பின்னால் படுக்கையறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

"எங்கே போனாள்?" என்று அவன் அவளைத்தான் கேட்டான், என்னை அல்ல.

"சார்மினார் பக்கம், வளையல் வாங்க" என்றாள். மறுபடி அடித்தான். நான் குறுக்கே விழுந்தேன். அவள் என்னை ஒதுக்கிவிட்டு அதே பதிலைச் சொன்னாள். ஸ்டேஷன் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவே இல்லை. அவள் கண் மட்டும் அடிக்கடி சுவர்க் கடிகாரத்துக்குப் போய்வந்தது. கடைசியில் ஒரு தடவை பார்த்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ரயில் கிளம்பிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அண்ணி டெல்லி போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்து வேறு தேசம் போனாள். பெண் குழந்தை. நிச்சயதார்த்தம் முறிந்தது. எடுத்த பெண்ணே ஓடிப்போன பிறகு, பதிலுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அவன் ஊரோடு போக முடிவு செய்தான், தங்கையையும் கூட்டிக்கொண்டு. அங்கே பெண்களுக்குக் கல்லூரிக் கதவு அடைத்தாகிவிட்டது. "என் வீட்டில் இருந்துவிடு, யார் வருகிறான் என்று நான் பார்க்கிறேன்" என்று சண்டையே போட்டேன். என் கணவரும், "இருக்கட்டும்ட்டி, நம்ம பிள்ளை மாதிரி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய பழைய பயத்தை எல்லாம் மன்னித்தேன். அவள் கேட்கவில்லை.

"ஒரு பெண் ஓடினதற்கே எங்கள் ஆட்கள் அவர் வீட்டைச் சுற்றி வருகிறார்கள் காலா. நானும் காணாமல் போனால், அவரோடு போய்விட்டேன் என்று அவரைக் கொன்றுவிடுவார்கள். நான் போனால் கணக்குத் தீர்ந்தது என்று விட்டுவிடுவார்கள்."

அவர் என்றது, தனக்கு இனிக் கிடைக்காத, அண்ணியின் அண்ணனை.

கார் வந்த காலையில் நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்திருந்தேன். அவள் பின் சீட்டில் ஏறினாள். அண்ணன் முன்னால் இருந்தான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள், பிறகு என் காலடியில் இருந்த வாளியைப் பார்த்தாள்.

பிணம் எடுத்த வீடு என்று ஒரு கணம் கை கூசியது. பிறகு கார் நகர நகர, அவன் கண்ணாடியில் பார்த்தால் பார்க்கட்டும் என்று, வாளித் தண்ணீர் அத்தனையையும் அதன் பின்னால் வீசினேன். என் கோலம் கரைந்து ரோட்டில் ஓடியது.

"இப்பதானட்டி தெளிச்ச?" என்றார் என் கணவர்.

அன்றைக்கு மறுபடி கோலம் போடவில்லை. அந்த ஈரம் தானாகக் காயும்வரை வாசலிலேயே நின்றேன்.