காரைக்காலுக்குச் சொந்தமாக ஒரு சர்வர்

தங்கையனுக்கு மனிதர்களின் பெயர் நினைவில் நிற்காது. அவர்கள் சாப்பிடுவது நிற்கும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால், "ரெண்டு கல்தோசை, ஒரு ஆஃபாயில், நல்லாயிருக்கீங்களா?" என்றுதான் விசாரிப்பார். அவர்களும் நல்லாயிருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவருடைய மைத்துனர் ஊருக்கெல்லாம் வாத்தியார். தங்கையனுக்கு மட்டும் அவர் 'சர்க்கரை கம்மி டீ'.

அம்பகரத்தூர்ப் பக்கம் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். வயலில் இறங்கினால் அட்டை கடிக்கும் என்று பயந்துகொண்டு காரைக்காலுக்கு வந்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நூகு பாய் ஹோட்டலில் சேர்ந்தார். அன்றிலிருந்து அங்கேதான். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றப் போகும் லாரிக்காரர்கள், ஆபீஸ் ஆட்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டு போய், அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அந்தக் குரலைக் கேட்டு, நாகப்பட்டினம் பஸ் கண்டக்டர்தான் கூப்பிடுகிறார் என்று பையோடு ஹோட்டலுக்குள் ஓடி வந்தவர்களும் உண்டு. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

கல்யாணத்தன்று பந்தியில் மாப்பிள்ளையாக உட்கார்ந்தவர், எதிர் வரிசையில் ஒருவருக்கு ரசம் வரவில்லை என்று கண்டதும் எழுந்துவிட்டார். கழுத்தில் மாலையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பந்தி முழுக்கப் பரிமாறினார். அன்றைக்குத் தனியாகச் சாப்பிட்டதை மனைவி காசியம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். தூக்கத்தில்கூட "வேற என்ன?" என்று கேட்கிற மனுஷன் அவர். புதிதில் காசியம்மா அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு விட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு கஷ்டம் வந்தது. நூகு பாய் ஒரு நிக்காஹுக்குச் சென்னை போனவர், அங்கே ஒரு ஹோட்டலில் வாசலிலேயே டோக்கன் வாங்கிக்கொண்டு அவரவர் தட்டை அவரவரே எடுத்துப் போய்ச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறார். ஊருக்கு வந்ததும் தங்கையனைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து நம் கடையிலும் அதுதான் என்றார். அப்படியானால் நான் என்ன செய்வது என்று தங்கையன் கேட்டார்.

"நீ மேசை தொடை தங்கையா. உன்னைய விட்டுடுவேனா நான்?" என்றார் பாய். அன்பாகத்தான் சொன்னார்.

அன்று தங்கையனுக்குச் சோறு இறங்கவில்லை. மேசை துடைப்பதை அவர் கேவலமாக நினைக்கவில்லை. துடைத்துத்தான் மேலே வந்தவர். ஆனால் துடைக்கிறவனிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நாளெல்லாம் யாரையும் எதுவும் கேட்காமல், யாருக்கும் எதுவும் கொண்டுபோய் வைக்காமல் எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வேறெங்காவது சர்வர் வேலை கிடைத்தால் போய்விடுவது என்று முடிவு செய்தார்.

அந்த வாரத்திலேயே மூலை மேசையில் பேச்சு அடிபட்டது. மணிபாரதி என்று ஒரு பையன், தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவன். தங்கையனுக்கு அவன் 'ரெண்டு பரோட்டா, வெங்காயம் இல்லாம ஆம்லெட்'. கூட அதே கல்லூரியில் படிக்கும் அஃப்ரா என்ற பெண். அவள் 'ஒரு லெமன் டீ, ரெண்டு கிளாஸ்'. தண்ணீர் வைக்கப் போன தங்கையன் அப்படியே நின்றுவிட்டார்.

"எத்தனை நாளைக்குப் பாண்டிச்சேரி சர்வரையே நம்பிக்கிட்டு இருக்கறது? அங்க விழுந்தா நாமளும் விழறோம். காரைக்காலுக்குன்னு சொந்தமா ஒரு சர்வர் வேணும்" என்றான் மணிபாரதி.

"புதுசா எடுக்க வேணாம். பழைய சர்வரே போதும். மெமரி மட்டும் நல்லா இருக்கணும்" என்றாள் அஃப்ரா.

ராத்திரி பகலாக ஓட வேண்டும், நடுவில் படுத்துவிடக் கூடாது, நூறு பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் திணறக் கூடாது, சீக்கிரம் சூடாகக் கூடாது என்று அவர்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். ஒவ்வொன்றுக்கும் தங்கையன் மனசுக்குள் தலையாட்டினார். சூடாவது மட்டும்தான் கொஞ்சம் இடித்தது. பாயாவில் ஈ கிடக்கிறது என்று பொய் சொன்ன ஒருவரிடம் அவர் ஒருமுறை சூடாகியிருக்கிறார். ஆனால் அது பழைய கதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் கூடி முடிவெடுக்கப் போகிறோம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதையும் காதில் வாங்கிக்கொண்டார்.

காசியம்மாவிடம் சொன்னார். ராத்திரி பகலாக ஓடச் சொல்கிறார்களே, ஷிப்டு உண்டா என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார் காசியம்மா. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து, கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், பில் முழுக்கச் சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

கூட்டம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில். வாசலில் பேனர்: 'மையமில்லாத, திறந்த சமூக வலைத்தளங்கள் – காரைக்கால் சந்திப்பு. அனைவரும் வருக.' ஓரத்தில் அந்த வலைத்தளத்தின் சின்னமாக ஒரு யானைப் படம். தங்கையனுக்கு 'அனைவரும் வருக' மட்டும் புரிந்தது, அது போதுமாக இருந்தது. யானைக்கு அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போனார். இருபது பேர் இருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

மணிபாரதி பேச ஆரம்பித்தான். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று ஹோட்டலை வைத்தே விளக்கினான். வினை அங்கேதான் வந்தது. இப்போது நாமெல்லாம் ஒரே பெரிய ஹோட்டலில் சாப்பிடுகிறோம் என்றான். முதலாளி எங்கேயோ வெளிநாட்டில். அவர் வைத்ததுதான் சாப்பாடு, அவர் சொன்னதுதான் நேரம், பிடிக்கவில்லையென்றால் நம் இலையை எடுத்துவிட்டு வெளியே தள்ளிவிடுவார். இதற்குப் பதிலாக ஊருக்கு ஊர் ஒரு சின்ன மெஸ். நாகூரில் ஒன்று, மாயவரத்தில் ஒன்று, காரைக்காலில் ஒன்று. எதற்கும் ஒரே முதலாளி என்று கிடையாது. ஆனால் நம் மெஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே நாகூர் மெஸ் இடியாப்பத்தை வரவழைத்துச் சாப்பிடலாம். அவர்களும் நம்முடையதைச் சாப்பிடலாம்.

தங்கையனுக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது. நாகூருக்கும் காரைக்காலுக்கும் நடுவில் இடியாப்பம் தூக்குவது பெரிய பாடு என்பது ஒன்றுதான் கவலை. சைக்கிள் கொடுப்பார்களா, வாஞ்சூர் செக்போஸ்ட்டில் நிறுத்திப் பாத்திரத்தைத் திறக்கச் சொல்வார்களா, அதற்குள் ஆறிப்போகாதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, காரைக்கால் சர்வருக்கு இங்கே யாராவது இருக்கிறீர்களா என்று மணிபாரதி கேட்டான்.

தங்கையன் எழுந்து நின்றார். "நான் இருக்கேங்க."

அவரை அந்த இடத்தில் பார்த்ததில் மணிபாரதிக்கு ஆச்சரியம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது பழைய கம்ப்யூட்டர் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"ரொம்ப சந்தோஷம்ணே. எவ்ளோ பழசு?"

"முப்பது வருஷமா ஓடிக்கிட்டிருக்குங்க."

கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மணிபாரதி தலையைச் சொறிந்தான். "முப்பது வருஷம்னா… மெமரி எவ்ளோண்ணே வரும்?"

காசியம்மாவின் எச்சரிக்கை தங்கையனுக்கு மறந்துபோனது. முன் வரிசையிலிருந்து தொடங்கினார். "நீங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பரோட்டா, வெங்காயம் இல்லாம ஆம்லெட், சால்னா மூணு தடவ. பக்கத்துல அந்த சார் நெய்ச்சோறு, பில்லு வந்ததும் போன் வந்துருச்சுன்னு வெளிய போயிட்டாரு. கண்ணாடி போட்டவரு வீட்டுல விரதம்னு பார்சல் வேணாம்னுட்டு இங்கயே ரெண்டு பிரியாணி…"

கண்ணாடி போட்டவர் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் தங்கையனைப் பேசவிடாமல் அஃப்ரா ஓடி வந்து அவரை உட்கார வைத்தாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. கண்ணாடிக்காரர் மட்டும் யானைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வர் என்றால் இங்கே ஆள் இல்லை, ஒரு பெட்டி, ஒரு கம்ப்யூட்டர் என்று அஃப்ரா மெதுவாகச் சொன்னாள். தங்கையனுக்குக் காது மடல் சூடானது. வெள்ளைச் சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டார். பிறகு, "பெட்டிக்கு எதுக்கும்மா சர்வர்னு பேரு? அது என்னத்தப் பரிமாறுது?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "யாரு என்ன கேட்டாலும், உள்ள போய் எடுத்துட்டு வந்து அவங்ககிட்ட குடுக்கும்ணே. மாத்திக் குடுக்காது."

"அதானம்மா நானும் செய்யறேன்."

"அதேதாண்ணே" என்றாள் அவள்.

பிறகு பெட்டிக்குப் பெயர் வைக்கும் விஷயம் வந்தது. ஒருவர் காரைக்கால் அம்மையார் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரில் ஊரில் இருக்கிற கடைகளே போதும் என்றார்கள். மாங்கனி என்றார் இன்னொருவர். மாங்காய் சீசன் முடிந்தால் என்ன செய்வது என்று தடுத்தார்கள். அதற்குள் தங்கையன், மூலையில் யாரும் தொடாமல் கிடந்த சமோசாத் தட்டைக் கண்டு, பொறுக்கமாட்டாமல் எழுந்து வரிசையாகப் பரிமாற ஆரம்பித்திருந்தார். கண்ணாடிக்காரருக்கு இரண்டாக வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அஃப்ரா, தங்கையன் என்றே வைத்துவிடலாம் என்றாள். ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள். பெரியவர் பெயர் என்பதால் அது, இது என்று எழுதக் கூடாது, மரியாதையாக எழுத வேண்டும் என்றும் முடிவானது.

வீட்டுக்குப் போனதும் வேலை கிடைத்ததா என்று காசியம்மா கேட்டார். "பேருதான் கெடச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார் தங்கையன்.

பெட்டித் தங்கையன் மணிபாரதியின் வீட்டு மாடியறையில் குடியேறினார். தங்கையன் காலையில் எழுந்துவிட்டார் என்றும், தங்கையன் நேற்று நன்றாக ஓடினார் என்றும் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹோட்டல் தங்கையனோ, மாதம் முடிய நாள் நெருங்க நெருங்க, வருகிறவர்களிடமெல்லாம் இரண்டு தடவை கேட்டுக் கேட்டு வைத்துக்கொண்டிருந்தார். கேட்கிறவரை கேட்டுக்கொள்வோம் என்றிருந்தது அவருக்கு.

அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஒரு நாள் லீவு. காரைக்கால்மேட்டில் மீன் ஏலத்துக்குப் போய்வருகிறேன் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். அதே காலையில் பெய்த மழையில் மணிபாரதியின் மாடியறை ஒழுகிப் பெட்டி நின்றுபோனது. காரைக்கால் சர்வர்தான் கிடக்கிறதே, அதில் எப்படி எழுதுவது? பாண்டிச்சேரி சர்வரில் இருந்த தன் பழைய கணக்கிலிருந்து மணிபாரதி எழுதினான்: 'தங்கையன் விழுந்துவிட்டார். எவ்வளவோ எழுப்பிப் பார்த்தோம். மூச்சுப் பேச்சில்லை.'

அது பாண்டிச்சேரியிலிருந்து நாகூருக்குப் போய், மாயவரத்துக்குப் போய், ஷார்ஜாவுக்கும் போனது. அங்கே இருந்தவன் நூகு பாயின் மகன் ஆபித். மணிபாரதியோடு படித்தவன், நண்பன் கூப்பிட்டானே என்று கணக்குத் தொடங்கிவிட்டு எதையும் படிக்காமல் இருந்தவன். அன்றைக்கென்று இதை மட்டும் படித்தான். உடனே பாய்க்குப் போன் போட்டான். "வாப்பா, நம்ம தங்கையன் அண்ணன் விழுந்துட்டாராம். மூச்சுப் பேச்சு இல்லையாம்."

பாய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினார். தலத்தெருவில் தங்கையன் வீட்டு வாசலில் அவர் போய் இறங்கியபோது, பின்னாலேயே லாரிக்காரர்கள், பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர்கள், மாலையோடு மைத்துனர் வாத்தியார். மீன் வாங்கப் போன இடத்தில்தான் என்னவோ ஆகிவிட்டது என்று காசியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழ, தெருவே கூடிவிட்டது.

பாய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "நேத்துகூட பாயா ரெண்டுன்னு கத்துனானே தங்கச்சி. அவன் சத்தம் இல்லாம நான் எப்படிக் கடை தொறப்பேன்? டோக்கனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். தங்கையன் கையால வெக்காத தட்டு என் கடையில எதுக்கு?"

கூட்டத்துக்குப் பின்னால் மீன் பையோடு வந்து நின்ற தங்கையனுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ போய்விட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. வந்தவர்களைத் தலை எண்ணினார். பக்கத்தில் நின்ற லாரிக்காரரிடம், "எத்தனை டீ சொல்லலாம்?" என்று கேட்டார்.

லாரிக்காரர் திரும்பி அவரைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஏறி நின்றுகொண்டார்.

ஆளைத் தொட்டுப் பார்த்து, அழுது, திட்டி, எல்லாம் முடிய நேரமானது. பாய்க்கு அழுகை போய்க் கோபம் வந்தது. மணிபாரதியை வரவழைத்து, எழுதியதை உடனே அழி என்றார். அவன் கையைப் பிசைந்தான்.

"நான் எப்பவோ அழிச்சிட்டேன் பாய். ஆனா நாகூர்ல நிக்குது, மாயவரத்துல நிக்குது. ஒரு எடத்துல சொல்லி நிறுத்த முடியாது. முதலாளின்னு யாரும் இல்லாததுதான் இதோட விசேஷமே."

பாய் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் ஏதோ வருத்தத்தில் பேசிவிட்டதாகவும், டோக்கன் மெஷினுக்குச் சொல்லி வைத்தாகிவிட்டது என்றும் இழுத்தார். காசியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க சொன்னத இஞ்ச தெருவே கேட்டுருச்சுங்க பாய். லாரிக்கார அண்ணன் கீழவாஞ்சூருக்குப் போன் போட்டுச் சொல்லியாச்சு. ஒங்க புள்ள ஷார்ஜாவுல லைன்லயே இருக்காரு. இனிமே யாருகிட்டன்னு போயி அழிப்பீங்க?"

பாய் கையிலிருந்த போனைப் பார்த்தார். அது இன்னும் துண்டிக்கப்படாமல்தான் இருந்தது. ஆமாம் வாப்பா, நானும் கேட்டேன் என்றது அது. பாய், "எல்லாரும் பாதிச் சோத்துல எந்திரிச்சு வந்துருக்காங்க. கடையப் போய்த் தொற தங்கையா. பரிமாற ஆளு வேணும்ல?" என்று சாவியை நீட்டினார்.

மீன் பையைக் காசியம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தங்கையன் முன்னால் நடந்தார். பின்னால் பாய், லாரிக்காரர்கள், மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்த மைத்துனர், தெருக்காரர்கள். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி ஓரமாக நின்று, யார் போய்விட்டது என்று கேட்டார்.

"தங்கையன்" என்றார் மைத்துனர்.

"அடப்பாவமே. எப்ப எடுக்கறாங்க?"

"முன்னாடி போறாரு பாருங்க. சீக்கிரம் வந்தீங்கன்னா எடம் கெடைக்கும்."