கொட்டகைக்கு ஒரு ரவுட்டர்

இன்று திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டாவது ரவுட்டர் மாட்டப் போனேன்.

மாடிக்கு என்று நினைத்தேன். வீட்டுக்காரர் பின்னால் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை அடுக்கும் கொட்டகையைக் காட்டினார். உள்ளே கட்டில்கூடப் போட்டாயிற்று.

"அப்பா ஹால்லயே இருமிக்கினு, போன் பாத்துக்கினு உக்காந்திருக்காரு. வர்றவங்க முன்னாடி அசிங்கமா இருக்கு. ஹால் ரவுட்டர்ல அவரு போனை மட்டும் பிளாக் பண்ணிடு. நெட்டு கெடைக்கிற எடத்துக்கு அவரே போயிடுவாரு."

செய்தேன். அரை மணி நேரத்தில் பெரியவர் தலையணையோடு கொட்டகைக்குப் போய்விட்டார்.

நான் வண்டியை எடுக்கும்போது பெரியவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"என் புள்ள எனக்குன்னு தனியா வைஃபை போட்டுக் குடுத்திருக்கான், வந்து பாருய்யா!"

கொட்டகையில் சிக்னல் பிரமாதம். உங்கள் வீட்டிலும் யாரையாவது நகர்த்த வேண்டுமென்றால் கமென்ட்டில் சொல்லுங்கள்.